எண்ணாகக் கப்பலேறியவர்களின் போதகர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய இந்தியக் கூலிகளின் கப்பல் பட்டியல்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பக்கத்தைப் புரட்டினால் கட்டம் கட்டமாக ஓடும். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தானா, கிராமம், கடைசியில் உடம்பில் உள்ள தழும்பு. ஜில்லா என்ற கட்டத்தில் கண்ணில் அடிக்கடி படுகிற பெயர் வட ஆற்காடு. டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஆள் அனுப்பிய தென்னக மாவட்டங்களில் முன்வரிசையில் நின்றது அதுதான். அந்த ஜில்லாவுக்கு அப்போது வேலூர் தலைநகரம் இல்லை, சித்தூர்தான் தலைநகரம். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகே வேலூருக்கு அந்த இடம் கிடைத்தது.

ஜாதிக் கட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வேறொரு சொல்லும் வரும்: ‘கிறிஸ்தவர்’. கரும்புத் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போன அவர்களில் தெலுங்குக் கிறிஸ்தவர்கள் சில ஆண்டுகள் கழித்து ஊருக்கு ஒரு கோரிக்கை அனுப்பினார்கள். எங்கள் மொழி பேசுகிற ஒரு போதகர் வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. அதைக் கேட்டுக் கப்பலேறியவர், நெல்லூரில் அமெரிக்க பாப்திஸ்து மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த ஜான் ரங்கையா. ஆண்டு 1903. வயது முப்பதுகளில். மனைவி கனகம்மாவும் பிள்ளைகளும் உடன் போனார்கள்.

சம்பளமும் மரியாதையும் உள்ள தலைமை ஆசிரியர் நாற்காலியை விட்டுவிட்டு, மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தவர்களைத் தேடிக் கடல் கடந்த இந்த மனிதரின் கதை, ஒரு பாப்திஸ்து போதகர் எப்படி உருவாகிறார் என்பதன் கதையும் கூட.

வரைபடத்தில் இல்லாத சபை

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ‘எந்தச் சபை?’ என்று கேட்டால், பழைய மிஷன் எல்லைகளே பதிலாக வரும். சித்தூர், மதனபள்ளி, புங்கனூர் பக்கம் அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் ஆற்காடு மிஷன். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பம் வேர்விட்ட மிஷன் அது. மதனபள்ளியில் ஜேக்கப் சேம்பர்லின் மருந்துப் பெட்டியும் தெலுங்குப் புத்தகமுமாக வாழ்ந்து 1908-இல் அங்கேயே கண்மூடினார். திருப்பதி, புத்தூர், கோடூர் பக்கம் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் ஊரிலிருந்து 1860-களில் வந்த லுத்தரன்காரர்கள். ஒரு மிஷன் கால் வைத்த இடத்தில் இன்னொன்று நுழையக்கூடாது என்று அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாப்திஸ்துகளுக்குக் கிடைத்தது வடக்கே நெல்லூரும் ஓங்கோலும். ஆகவே ஏழுமலையான் ஊரைச் சுற்றி அந்தக் காலத்தில் பாப்திஸ்து என்றால் ரயிலேறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆள்.

ஆனால் படிப்புக்கு எல்லை கிடையாது. திருப்பதியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பள்ளியில் 1896-இல் எட்டு வயதில் சேர்ந்த ஒரு தெலுங்கு பிராமணச் சிறுவன் நான்கு ஆண்டு அங்கே பைபிள் வகுப்பில் உட்கார்ந்தான். பிறகு வேலூர் ஊரீஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. தன் மதத்தை ஆசிரியர்கள் குறை சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அதற்குப் பதில் தேடியே தத்துவம் படித்தான். அவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஒரே வகையான பள்ளிக்கூடம் ஒருவரை வேதாந்தத்தின் வழக்கறிஞராக்கியது, இன்னொருவரைத் தேயிலைத் தோட்டத்துப் போதகராக்கியது. உள்ளே போகிற பையன் எப்படி வெளியே வருவான் என்று எந்தப் பள்ளியும் உத்தரவாதம் தர முடியாது.

தோலும் புத்தகமும்

நெல்லூர் பாப்திஸ்து மிஷனின் தொடக்கம் பெருமைப்படும்படியாக இல்லை. சாமுவேல் டே 1840-இல் நெல்லூருக்கு வந்தார். பதின்மூன்று ஆண்டு கழித்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே விசுவாசிகள். ‘மூடிவிடலாமா?’ என்று அமெரிக்காவில் கூடிக் கூடிப் பேசினார்கள். வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாக நின்றதால் இதற்கு ‘ஒற்றை நட்சத்திர மிஷன்’ என்றே பெயர் விழுந்தது.

திருப்பம் வந்தது ஒரு தோல் வியாபாரியால். தாள்ளகொண்டபாடு கிராமத்தில், தோல் தொழில் செய்யும் மாதிகர் சமூகத்தைச் சேர்ந்த எர்ரகுண்ட்ல பேரய்யா. 1866-இல் ஞானஸ்நானம் பெற்று ஊருக்குத் திரும்பி, தன் உறவினரிடம் தானே பேச ஆரம்பித்தார். அதே ஆண்டு ஓங்கோலில் குடியேறிய மிஷனரி ஜான் கிளாஃப் நில அளவைத் தொழில் தெரிந்தவர். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876-78 பஞ்சத்தில், பக்கிங்காம் கால்வாயின் மூன்றரை மைல் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துப் பட்டினியில் கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று பஞ்ச காலம் முழுக்க யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பஞ்ச வேலை முடிந்த பிறகு கதவைத் திறந்தார். 1878 ஜூலை 3. குண்ட்லகம்மா ஆற்றங்கரை, வெல்லம்பள்ளி. ஆறு தெலுங்குப் போதகர்கள் இருவர் இருவராக முறை மாற்றித் தண்ணீரில் இறங்கி நின்றார்கள். அந்த ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 2,222 பேர். வெள்ளைக்காரர் கிளாஃப் ஆற்றில் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்த கேள்வி ஒன்றுதான். இத்தனை பேருக்கும் வாசித்துச் சொல்ல ஆள் எங்கே?

கடலோரம் ராமாயப்பட்டினத்தில் 1872-இல் தொடங்கிய இறையியல் பள்ளிக்கு அப்போதுதான் முழு அவசியம் வந்தது. செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பையன்களும், அவர்கள் மனைவிமாரும் கூட, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சமூகத்தின் வாய்மொழிக் கதைகளைக் கிளாஃபின் மனைவி எம்மா ராஷன்புஷ் கேட்டுக் கேட்டுக் குறித்து 1899-இல் ஒரு நூலாக்கினார். எம்மாவின் தம்பி வால்டர் அமெரிக்காவில் ஒரு பாப்திஸ்து போதகர். அவரை இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை சந்திப்போம்.

தோலும் புத்தகமும் சேர்வது பாப்திஸ்துகளுக்குப் புதிதில்லை. இந்தியாவுக்கு வந்த முதல் பெரிய பாப்திஸ்து மிஷனரி வில்லியம் கேரியே செருப்புத் தைத்தவர்தான். தைக்கிற பலகையில் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் என்று ஒவ்வொன்றாகத் தானே கற்றார். 1785-இல் ஓல்னி ஊர்ச் சபை முன் பிரசங்கித்தார். சபைக்குத் திருப்தியில்லை. இன்னும் கொஞ்ச காலம் பழகட்டும் என்று காக்க வைத்தார்கள். ஓராண்டு கழித்துத்தான் சம்மதம் கிடைத்தது. பிற்காலத்தில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளமும் சமஸ்கிருதமும் கற்பித்த ஒருவரைக் கிராமத்துச் சபை ஒன்று ‘இப்போது வேண்டாம்’ என்று நிறுத்தி வைத்திருந்தது.

யார் கொடுப்பது பட்டம்?

பாப்திஸ்து சபையைப் புரிந்துகொள்ள இந்த இடம் முக்கியம். அவர்களுக்குப் பேராயர் கிடையாது. மேலிருந்து மாற்றல் உத்தரவு வராது. ஒவ்வொரு உள்ளூர்ச் சபையும் தானே கூடி, தன் போதகரைத் தானே அழைக்கும். குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. விவரம் தெரிந்த வயதில் ஒருவர் தானாக வந்து, தண்ணீரில் முழுக்கப்பட்டுத்தான் உறுப்பினராகிறார். அதனாலேயே நம் ஊர்களில் ‘முழுக்குச் சபை’ என்ற பெயரும் உண்டு. உறுப்பினரான பிறகு பண்ணையாரும் பண்ணையாளும் கையுயர்த்தினால் ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு.

போதகராக விரும்பும் இளைஞன் முதலில் தன் சொந்தச் சபையின் நற்சான்று வாங்க வேண்டும். பிறகு இறையியல் படிப்பு. முடித்து வந்ததும் உடனே அங்கி கிடைக்காது; ஒரு மூத்தவரின் கீழ் சில காலம் ஊழியம். அதன்பின் பட்டமேற்பு விசாரணை. அக்கம்பக்கத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இவன் எதிரே தனி நாற்காலியில். கேள்விகள் மூன்று பங்காக வரும். நீ விசுவாசத்துக்கு வந்தது எப்படி? இந்த வேலைக்கு அழைப்பு வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? நீ நம்புவது என்ன? மூன்றாவது கேள்விக்குக் கல்லூரிப் படிப்பு கைகொடுக்கும். முதல் இரண்டுக்கும் எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. கிரேக்க வினைச்சொல்லை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பையன்கள் தடுமாறுவது இரண்டாவது கேள்வியில்தான்.

விசாரித்தவர்களுக்குத் திருப்தி என்றால் அவனை முழங்காலிட வைத்து எல்லோரும் தலையில் கை வைப்பார்கள். அந்தக் கைகளில் வெண்டை பறித்த கையும் உண்டு, வெற்றிலை மடித்த கையும் உண்டு.

கெயர்ஸ்னி, 1903

ரங்கையாவை நேட்டாலுக்கு அனுப்பியது அமெரிக்க மிஷன் போர்டு இல்லை. தெலுங்கு பாப்திஸ்துகள் 1897-இல் தாங்களே தொடங்கியிருந்த உள்நாட்டு ஊழியச் சங்கம். ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தே தெரியாதிருந்த மக்கள், காணிக்கைக் காசைச் சேர்த்து ஒரு குடும்பத்தைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். கல்வி கொடுத்த பலன் என்ன என்று கேட்டால் இதைக் காட்டலாம்.

அவர் போன நேட்டால் எப்படிப்பட்டது? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் முதல் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1911-இல் ஆள் ஏற்றுவது நிற்கும் வரை போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், அதாவது தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. 1896-இல் கொண்டுவந்த சட்டம் இந்தியர்களின் வாக்குரிமைக்கும் முடிவு கட்டியது.

ரங்கையா வந்து சேர்ந்த அதே 1903 ஜூனில், டர்பனில் காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. ஸ்டேங்கருக்குப் பக்கத்தில், கெயர்ஸ்னியில் லீஜ் ஹியூலெட்டின் தேயிலைத் தோட்டம். அங்கேதான் ரங்கையா முதலில் தங்கினார். டிசம்பர் 27 அன்று அங்கே முதல் இந்தியத் தெலுங்கு பாப்திஸ்து சபை அமைந்தது.

ஒரு பாப்திஸ்து சபையைத் தொடங்குவதென்றால் முதல் வேலை கட்டடம் இல்லை, உறுப்பினர் பட்டியல். கப்பல் பட்டியலில் எண்ணோடும் ஜாதியோடும் தழும்போடும் பதிவான அதே மனிதர்கள் இங்கே பெயரை மட்டும் கொண்டு உட்கார்ந்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை மூப்பராக்குவது, காணிக்கையை எப்படிச் செலவழிப்பது என்று கையுயர்த்தித் தீர்மானித்தார்கள். நேட்டாலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. விட்டு வந்த சென்னை மாகாணத்தில் ஒரு கூலிக்காரனுக்கு ஓட்டு என்பது கனவிலும் இல்லை. அவர்கள் வாழ்க்கையில் போட்ட ஒரே ஓட்டு அந்தத் தேயிலைத் தோட்டத்துச் சபையில் போட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஓட்டுக்குத் தகுதியான போதகரை யோசித்துப் பாருங்கள். ஆங்கிலேயத் தோட்ட முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை கூடுவதற்கு அனுமதி கேட்க ஆங்கிலம் வேண்டும். ஊருக்குக் கடிதம் எழுதித் தரக் கையெழுத்து வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க ஆசிரிய அனுபவம் வேண்டும். நெல்லூரில் ரங்கையா சேர்த்த படிப்பெல்லாம் இங்கேதான் செலவானது. கெயர்ஸ்னியிலிருந்து ஸ்டேங்கர், டர்பன் என்று சபைகள் பெருகின.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1914-இல் நேட்டால் இந்திய பாப்திஸ்துகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ரங்கையா ஒரு பக்கம் நின்றார். பேராயர் இல்லாத சபையில் சண்டை வந்தால் தீர்த்து வைக்க மேலே ஆள் கிடையாது; கையுயர்த்தும் உரிமையோடு பிரிந்து போகும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 1915 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில் ரங்கையா காலமானார். பன்னிரண்டு ஆண்டு ஊழியம். ஐம்பதைத் தொடாத வயது.

மான்ட்கோமரியில் ஒரு சோதனைப் பிரசங்கம்

எம்மாவின் தம்பியிடம் திரும்புவோம். வால்டர் ராஷன்புஷ் நியூயார்க்கின் சேரிப் பகுதி ஒன்றில் போதகராக இருந்து, அங்கே பார்த்த வறுமையிலிருந்து 1907-இல் ஒரு நூல் எழுதினார். தனி மனிதரின் ஆன்மாவைப் போலவே அவர் வாங்கும் கூலியும் கடவுளின் கவலைதான் என்பது அதன் சாரம். நாற்பது ஆண்டு கழித்து, குரோசர் இறையியல் கல்லூரியில் அந்த நூலைப் படித்து ஆட்டம் கண்ட ஒரு கறுப்பின மாணவரின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

கிங் பதினைந்து வயதில் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1951-இல் குரோசரில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். 1955-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். இத்தனை படிப்பின் நடுவிலும் 1954 ஜனவரியில், இருபத்தைந்து வயதில், மான்ட்கோமரியின் டெக்ஸ்டர் அவென்யூ சபைக்கு முன் நின்று சோதனைப் பிரசங்கம் செய்தாக வேண்டியிருந்தது. சபை கேட்டது, பிடித்துப்போயிற்று, அழைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது அதே ஊர் மக்கள் அவரைத் தலைவராக்கினார்கள். 1959-இல் அவர் இந்தியா வந்து காந்தியின் தடத்தைத் தேடி அலைந்தார். அந்தக் காந்தி கூலிகளோடு நின்று போராடப் பழகிய மண், ரங்கையா சபை வைத்த நேட்டால்.

திருப்பதியிலிருந்து இன்று

பழைய மிஷன் எல்லைகள் இப்போது கரைந்துவிட்டன. வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் தங்கள் சபையையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், சூளூர்ப்பேட்டைப் பகுதிகளும் அதில் சேர்ந்தன. வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம் வாங்கிய கையோடு போதகராக நினைக்கிற இளைஞன் இங்கே இன்று அபூர்வமில்லை.

அவன் முன் இருக்கும் பாதை சேரம்பூர் வழியாகப் போகிறது. கேரியும் நண்பர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் மன்னர் பட்டமளிக்கும் உரிமை கொடுத்தார். அந்த உரிமையைக் கொண்டே சேரம்பூர் ஆட்சிக்குழு இன்றும் நாடெங்கும் இறையியல் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் வழங்குகிறது. தெலுங்கு மாணவர்களுக்கு ஹைதராபாத்தின் ஆந்திர கிறிஸ்தவ இறையியல் கல்லூரி. லுத்தரன், பாப்திஸ்து எனப் பல சபைகளின் பள்ளிகளை ஒன்றாக்கி 1964-இல் ராஜமந்திரியில் தொடங்கி, 1973-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. ராமாயப்பட்டினத்துப் பழைய பள்ளியும் அதில் கலந்த ஓடைகளில் ஒன்று.

இறையியல் இளநிலையான பி.டி. படிப்பில் கிரேக்கமும் எபிரேயமும் உண்டு. சித்தூர்ப் பையனுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல், அதுவே கூடுதல் பலமும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பாடப்புத்தகம் ஆங்கிலத்தில். எபிரேய வினையை ஆங்கில விளக்கத்தில் படித்து, தெலுங்கில் குறிப்பெடுத்து, அம்மாவிடம் தொலைபேசியில் தமிழில் சொல்ல வேண்டும். மூன்று மொழியில் மாறி மாறி யோசித்துப் பழகியவன் நான்காவது மொழிக்கு அஞ்ச மாட்டான்.

கல்லூரியில் அவன் படிப்பது அவன் தாத்தாவுக்குக் கிடைக்காத பாடம். 1980-களில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலை முன்வைத்த பிறகு, இந்தியச் சபைகளின் பெரும்பான்மை யார், அவர்கள் கேள்வி என்ன என்பது வகுப்பறைக்குள் வந்துவிட்டது. பேரய்யாவின் பேரப்பிள்ளைகள் தங்கள் கதையை ஆய்வேடாக எழுதுகிறார்கள்.

ஆனால் இவ்வளவும் படித்துத் திரும்புகிறவன் கடைசியில் நிற்பது அதே இடத்தில். இருபது முப்பது குடும்பங்கள், தகரக் கூரை, சுவரோரம் ஒலிபெருக்கி. பிரசங்கம் முடிந்ததும் மாங்கூழ் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துத் தூங்கி வழிகிற கண்களோடு ஒருவர் எழுந்து, ‘அய்யகாரு, அந்தக் கடைசி வசனத்தை இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கேட்பார். ரங்கையாவிடம் கேட்கப்பட்ட கேள்வியும் இதே ரகமாகத்தான் இருந்திருக்கும். இளைஞன் கிரேக்கத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த மனிதருக்குப் புரிகிற மொழியில் மறுபடி தொடங்குவான். அது முடிந்ததும் சபை கூடும். இவனை வைத்துக்கொள்வதா என்று கேட்பார்கள். கைகள் உயரும். எண்ணுவார்கள்.